பழைய பிக்கப்பில் பூட்டிய இராணுவக் கை விஞ்ச்: கோளாறைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது

நாவலடிப் பக்கம் கரையில் கிடக்கும் போட் இஞ்சினை ஏற்றவும், வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வாய்க்காலோரம் இறக்கி வைத்த நீர்ப்பம்பைத் தூக்கவும் பெரிய கிரேன் தேவையில்லை. பிடியைச் சுற்றிக் கம்பிக் கயிற்றால் பாரம் தூக்கும் கை விஞ்ச், இராணுவம் கழித்துவிட்ட பழையது ஒன்று, அதைத் தாங்க ஒரு கம்பம், கீழே ஒரு மொறிஸ் மைனர் பிக்கப். நாலு பேர் மூச்சுப் பிடித்துத் தூக்கும் சாமானை இரண்டு பேர் ஆறுதலாக ஏற்றிவிடலாம். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இந்த ஏற்பாட்டைச் செய்ய விரும்புகிறவர்களுக்கும், செய்துவிட்டு ஏதோ சரியில்லை என்று நிற்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். கோளாறு தெரியும் இடம் வேறு, காரணம் இருக்கும் இடம் வேறு. பாரம் கொக்கியில் தொடங்கி கம்பிக் கயிறு, கப்பி, கம்பம், அடித்தகடு, சேஸி என்ற வண்டியின் அடிச்சட்டம், ஸ்பிறிங், ரயர் என்று இறங்கி மண்ணில் போய் முடிகிறது. எந்த அறிகுறி கண்டாலும் இந்த வழியில் ஒவ்வொரு படியாகப் பார்த்துக்கொண்டு வாருங்கள். விஞ்சைக் கழற்றிப் பிரிப்பது கடைசி வேலை. பத்தில் பல கோளாறு விஞ்சுக்கு வெளியேதான் இருக்கும், ஏனென்றால் விஞ்ச் பாரமான இரும்புச் சட்டத்தில் பூட்டுவதற்குச் செய்தது, நாம் அதைக் கொண்டுபோய் மெல்லிய தகரத்தின் மேல் வைக்கிறோம்.

அடுத்தது, உங்களிடம் இருப்பது எந்த வகை என்று தெரிந்துகொள்ள வேண்டும். மூன்று வகை அதிகம் கைக்கு வரும். பல்லுச்சில்லும் அதில் விழும் நாக்கும் மட்டும் உள்ளது ஒன்று. பாரமே தன்னை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் தட்டுப் பிறேக் உள்ளது இன்னொன்று, இதை வெஸ்டன் பிறேக் என்பார்கள். திருகாணி போன்ற தண்டு ஒன்று பல்லுச்சில்லைச் சுற்றும் வேர்ம் கியர் வகை மூன்றாவது. மூன்றும் வெளியில் பச்சைப் பெயின்ற் அடித்து ஒரே மாதிரித்தான் தெரியும். ஆனால் கோளாறுகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை.

தகட்டில் எழுதியிருப்பதையும் கவனமாக வாசியுங்கள். அம்புக்குறி அடையாளம் குத்தியிருந்தால் அது பிரித்தானிய இராணுவச் சாமான், பாரம் அந்தரில் இருக்கும். ஒரு அந்தர் 112 இறாத்தல், அதாவது 50.8 கிலோ. 'தொன்' என்று இருந்தால் பிரித்தானியத் தொன் 1016 கிலோ, அமெரிக்கத் தொன் 907 கிலோ. எப்படியும் அந்த எண் விஞ்சுக்குரியது, வண்டிக்குரியதல்ல. மொறிஸ் மைனர் பிக்கப் முதலில் 5 அந்தர், பிறகு 6 அந்தர் வண்டியென்று விற்கப்பட்டது, பிற்காலத்தில் 8 அந்தர் வகையும் வந்தது. 10 அந்தர் விஞ்சை அதில் பூட்டினால் 10 அந்தர் தூக்கலாம் என்று அர்த்தமில்லை. என் கணக்கில் இந்த வண்டிக்கு 150 கிலோவே எல்லை.

பிடியை விட்டதும் பாரம் இறங்குகிறது

இதுதான் ஆளை முடிக்கும் கோளாறு, ஆகவே இதை முதலில் வைக்கிறேன். பாரத்தை உடனே தரையில் இறக்குங்கள். பிடி கட்டுமீறிச் சுழல ஆரம்பித்தால் கையால் பிடிக்கப் போகாதீர்கள், முழங்கை எலும்பு முறியும். விட்டுவிட்டு விலகுங்கள், சாமான் போனால் போகட்டும்.

பிறேக் உள்ள வகையென்றால் முதலில் காதால் பாருங்கள். ஏற்றும்போது நாக்கு பல்லில் விழும் 'டிக் டிக்' சத்தம் கேட்கவேண்டும். இறக்கும்போது சத்தம் இருக்கக் கூடாது. இது தலைகீழாக இருந்தால், அதாவது ஏற்றும்போது அமைதி, இறக்கும்போது டிக் டிக் என்றால், விஞ்சில் ஒரு பழுதும் இல்லை. கயிறுதான் உருளையில் மாறிச் சுற்றப்பட்டிருக்கிறது. இந்தப் பிறேக் ஒரு பக்கச் சுழற்சிக்கு மட்டும்தான் வேலை செய்யும். பாரம் இழுக்கும் திசை, பிறேக் தட்டுகளை நெருக்கும் திருகை இறுக்கவேண்டும். கயிறு மேலால் வரவேண்டிய இடத்தில் கீழால் வந்தால் அதே பாரம் திருகைத் தளர்த்திவிடும். கயிற்றை முழுக்க அவிழ்த்து மறுபக்கமாகச் சுற்றுங்கள், அவ்வளவுதான். கயிறு மாற்றிய பிறகு வரும் கோளாறுகளில் முதல் சந்தேகம் இதுவாக இருக்கட்டும்.

சத்தம் சரியாக இருந்தும் வழுக்கினால் தட்டுகளில் கிறீஸ் பட்டிருக்கும். பழைய சாமானைக் கண்டதும் எல்லா இடமும் கிறீஸ் அப்புவது நம் பழக்கம். கியருக்கு அது நல்லது, உலர்ந்து ஓடவேண்டிய பிறேக் தட்டுக்கு விஷம். சில வகைகள் எண்ணெய்க்குள் ஓடச் செய்தவை, அவற்றுக்கு மூடிய பெட்டியும் எண்ணெய் ஊற்றும் அடைப்பும் இருக்கும். அப்படி இல்லையென்றால் உலர்ந்த வகை என்று எடுத்துக்கொள்ளுங்கள். தட்டுகளைக் கழற்றிப் பெற்றோலில் துடைத்து, வெயிலில் காயவைத்துப் பூட்டுங்கள். அந்தக் காலத்து உராய்வுத் தகடுகளில் அஸ்பெஸ்டஸ் கலந்திருக்கும். காற்றடித்து ஊதவோ காய்ந்தபடி தேய்க்கவோ வேண்டாம். ஈரத் துணியால் துடைத்துத் துணியைக் கட்டி எறியுங்கள். தகடு எண்ணெயை ஊறவைத்துக் கறுத்துப் போயிருந்தால் துடைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

நாக்கு மட்டும் உள்ள வகையில் பார்க்கவேண்டியவை இரண்டு. நாக்கின் ஸ்பிறிங் உப்புக் காற்றில் துருப்பிடித்துச் செத்திருக்கலாம். விரலால் நாக்கைத் தூக்கிவிட்டுப் பாருங்கள், 'டக்' என்று பல்லடிக்கு விழவேண்டும். சோம்பலாக விழுந்தால் ஸ்பிறிங்கை மாற்றி, அச்சாணியைச் சுத்தப்படுத்துங்கள். அடுத்து நாக்கின் நுனியும் பல்லின் முகமும். சதுரமாக இருக்கவேண்டிய விளிம்பு உருண்டு மினுங்கினால் அது பாரத்தின் கீழ் வெளியே வழுக்கும். நாக்கைப் புதிதாகச் செய்யலாம், கல்முனைப் பக்கம் நல்ல லேத்காரர்கள் இருக்கிறார்கள். பல்லுச்சில்லு உருண்டிருந்தால் வெல்டிங் வைத்துப் பல் கட்டி ஓட்டவேண்டாம். அந்த விஞ்சை வைத்துவிடுங்கள்.

வேர்ம் கியர் வகை பொதுவாகத் தானாகவே பிடித்து நிற்கும். ஆனாலும் வண்டி இஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, அந்த அதிர்வில் பாரம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதுண்டு. இஞ்சினை நிறுத்திவிட்டுத் தூக்குங்கள். பாரத்தைத் தொங்கவிட்டபடி வண்டியை நகர்த்துவது எந்த வகையிலும் கூடாது.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். மாரி முடிந்ததும் கிணறு இறைக்கிறோம், தூர் அள்ளுகிறோம். வாளிதானே இறக்குகிறோம், ஆளையும் இறக்கினால் என்ன என்று ஒருவர் கேட்பார். கூடாது. சாமான் தூக்கச் செய்த விஞ்சில் ஆளை இறக்கவோ ஏற்றவோ கூடாது. நாக்கு நல்லதாக இருந்தாலும் கூடாது.

வெறும் கொக்கியோடே பிடி கனக்கிறது

பிக்கப்பில் பூட்டுவதற்கு முன்பு இலேசாகச் சுற்றியதா? பூட்டிய பிறகுதான் கனக்கிறதா? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

பூட்டிய பிறகுதான் என்றால் அடித்தளம் மட்டமாக இல்லை. நாலு போல்ட்டையும் இறுக்கும்போது வார்ப்பிரும்புச் சட்டம் முறுகி, இரண்டு பக்கத்துத் தண்டுத் துளைகளும் ஒரே கோட்டில் இல்லாமல் போய்விடுகின்றன. ஒரு கையால் பிடியை மெதுவாகச் சுற்றிக்கொண்டே மற்றக் கையால் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்துங்கள். எந்தப் போல்ட்டில் பிடி திடீரென்று இலேசாகிறதோ அந்த மூலையின் கீழே இடைவெளி இருக்கிறது. அங்கே தகட்டுத் துண்டு வைத்து நிரப்பி மறுபடி இறுக்குங்கள். இதைச் செய்யாமல் பலம் போட்டுச் சுற்றிக்கொண்டே இருந்தால் ஒருநாள் சட்டத்தின் கால் வெடிக்கும். வார்ப்பிரும்பு வளைந்து எச்சரிக்காது, நேரே உடையும்.

முன்பிருந்தே கனக்கிறது என்றால் காரணம் அநேகமாகப் பழைய காப்புக் கிறீஸ். களஞ்சியத்தில் வைப்பதற்காகப் பூசியது வருடக் கணக்கில் காய்ந்து மெழுகு போலாகி, பிறகு பிசின் போலாகியிருக்கும். மண்ணெண்ணெயில் ஒரு இரவு ஊறவிட்டு, தூரிகையால் கியர்ப் பல்லின் அடிவரை தேய்த்து எடுங்கள். பிறேக் தட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஊறவிடுங்கள். அப்புறம் தண்டுகளில் உள்ள எண்ணெய்த் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். பெயின்ற் அடித்தவர் துளைகளையும் சேர்த்து மூடியிருப்பார்.

தொடக்கத்தில் இலேசாக இருந்து, கயிறு சுற்றச் சுற்றக் கனக்கிறதென்றால் பழுதே இல்லை. உருளையில் கயிறு ஏற ஏற அதன் விட்டம் கூடுகிறது. வெறும் உருளை 7 சென்ரிமீற்றர், நிறைந்தபின் 14 சென்ரிமீற்றர் என்றால் அதே பாரத்துக்குக் கை இரண்டு மடங்கு உழைக்கவேண்டும். வேண்டாத கயிறு சுற்றியிருப்பதுதான் இதற்குக் காரணம். பிக்கப் வேலைக்கு 6, 7 மீற்றர் தாராளம். மிச்சத்தை வெட்டிவிடுங்கள்.

தூக்கும்போது கம்பம் சாய்கிறது, பிக்கப்பின் பெட்டித் தகரம் நெளிகிறது

இதற்கு நிறைய இடம் கொடுக்கிறேன், ஏனென்றால் பூட்டும் வேலையில் பிழை நடப்பது அதிகம் இங்கேதான்.

கணக்கைப் பாருங்கள். கம்பத்திலிருந்து 1.2 மீற்றர் வெளியே நீளும் கையில் 150 கிலோ தொங்குகிறது. அடித்தகட்டின் போல்ட்டுகளுக்கு இடையில் 20 சென்ரிமீற்றர். பாரத்துக்கு எதிர்ப்பக்கத்துப் போல்ட் இரண்டும் சேர்ந்து தாங்கவேண்டிய இழுவை 900 கிலோ. அந்த 900 கிலோவைப் பெட்டியின் தளத் தகரம் தாங்குமா? போல்ட் அறாது. தகரம்தான் வாஷரைச் சுற்றி மேலே குமிழும், பிறகு கிழியும்.

ஆகவே தகரம் நெளிந்தால் பெரிய வாஷர் போடுவது மருந்தல்ல. பாரம் சேஸிக்குப் போகவேண்டும். இந்த விஷயத்தில் மொறிஸ் பிக்கப் நமக்கு வசதி. அதே பெயரில் ஓடும் காருக்குத் தனிச் சேஸி இல்லை, பிக்கப்புக்கும் வானுக்கும் இருக்கிறது. பெட்டிக்குக் கீழே இரண்டு சேஸிச் சட்டங்களையும் இணைத்துக் குறுக்காக ஒரு கனமான சனல் இரும்பை, அதாவது 'ப' வடிவ இரும்பை, போடுங்கள். கம்பம் பெட்டித் தளத்தைத் துளைத்துக்கொண்டு இறங்கி அந்தச் சனலில் நிற்கட்டும். தளத் தகரம் கம்பத்தைச் சுற்றியிருக்கும் ஒரு காலர் மட்டும்தான், பாரம் அதில் இல்லை. கம்பத்தின் நடுவிலிருந்து பெட்டியின் முன்பக்கத்துக்குச் சாய்வாக ஒரு தாங்கு கம்பி போனால் அடியில் வரும் இழுவை பெருமளவு குறையும்.

சேஸியில் துளை போடும்போது நிற்கும் பக்கத்தின் நடுவில் போடுங்கள். மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் போடாதீர்கள், சேஸி வளையும்போது முழு இழுவையும் அங்கேதான். வெல்டிங்கும் அப்படியே, விளிம்பைக் குறுக்கே வெட்டியது போல் வைத்த வெல்டிங்கின் ஓரத்தில்தான் மயிரிழைக் கீறல் தொடங்கும். ஏற்கனவே அப்படி வெல்டிங் வைத்திருந்தால் அந்த இடத்தைத் துருச் சுரண்டி, மண்ணெண்ணெய் பூசித் துடைத்துவிட்டு, மேலே சுண்ணாம்புத் தூள் தடவுங்கள். கீறல் இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் சற்று நேரத்தில் ஒரு கோடாக வெளியே வரும். காசில்லாத சோதனை, கண்ணுக்குத் தெரியாததைக் காட்டும்.

மூடிய பெட்டி இரும்பில் போல்ட் போடுவதென்றால் உள்ளே குழாய்த் துண்டு வைத்துப் போடுங்கள். இல்லாவிட்டால் இறுக்க இறுக்க இரும்பு உள்ளே அமுங்கும், நீங்கள் போல்ட் தளர்கிறது என்று நினைத்து மேலும் இறுக்குவீர்கள். 'எத்தனை தரம் இறுக்கினாலும் தளர்கிறது' என்று சொல்லும் ஆட்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

கடலோரம் ஓடிய வண்டியென்றால் சேஸியைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், உள்ளே துரு தின்ற இடம் மந்தமாகக் கேட்கும். மந்தமாகக் கேட்ட இடத்தில் கம்பம் நிற்கக் கூடாது. வெல்டிங் வைக்குமுன் பற்றரி வயரைக் கழற்றுங்கள், பெற்றோல் தாங்கியை இறக்கித் தூரத்தில் வையுங்கள். வெறும் தாங்கி நிறைந்த தாங்கியைவிட ஆபத்து, உள்ளே நிற்பது ஆவி.

இப்படிச் சேஸியில் மாற்றம் செய்வதற்கு முன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். விஞ்ச் வாங்கிய பற்றுச்சீட்டையும் வண்டிப் புத்தகத்தோடு வைத்திருங்கள், இராணுவ முத்திரை உள்ள சாமானுக்கு அது நல்லது.

பின்பக்கம் அமர்கிறது, முன்சில்லு இலேசாகிறது

பின் அச்சிலிருந்து 1.5 மீற்றர் பின்னால் 150 கிலோ தொங்கினால், மொறிஸின் 2.18 மீற்றர் சில்லு இடைவெளிக்கு, முன் அச்சிலிருந்து ஏறக்குறைய 100 கிலோ குறையும். பின் அச்சில் 150 அல்ல, 250 கிலோ ஏறும். ஸ்பிறிங் தகடு ஒன்று கூடப் போட்டால் தீரும் என்பார்கள். அது அமர்வதைக் குறைக்கும், கவிழ்வதைத் தடுக்காது. தேவையானது தாங்கு கால். பின் மூலைகள் இரண்டிலும் மடக்கி இறக்கும் கால் வைத்து, தூக்குமுன் தரையில் ஊன்றுங்கள்.

கால் எந்த மண்ணில் நிற்கிறது என்பது அடுத்தது. எழுவான்கரை மணலில் ஒல்லியான இரும்புக் கால் நேராக உள்ளே போகும். பெரும்போக வேளாண்மைக்காலத்து வயல் வரம்பில் அதைவிட மோசம், முதலில் தாங்குவது போல் நின்று பாரம் ஏறியபின் வழுக்கும். அரை மீற்றர் நீளத் தடித்த பலகை இரண்டு வண்டியில் எப்போதும் கிடக்கட்டும். ஒரு பக்கக் கால் புதைந்து வண்டி பக்கவாட்டில் சாய்ந்தால் பாரமும் அதே பக்கம் ஊசலாடிப் போகும், அப்போது சாய்வு இன்னும் கூடும். அந்த நேரம் கையால் தள்ளிப் பிடிக்கப் பார்க்காமல் பாரத்தை இறக்கிவிடுங்கள்.

கயிறு ஒரு பக்கம் குவிகிறது, நசிகிறது

உருளையின் நடுவுக்கு நேரே முதல் கப்பி இருக்கிறதா என்று பின்னால் நின்று ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். கயிறு எந்தப் பக்கம் குவிகிறதோ அந்தப் பக்கம்தான் கப்பி விலகியிருக்கும். பிக்கப்பில் கப்பிக்கும் உருளைக்கும் தூரம் குறைவு என்பதால் கயிறு சரிவாகத்தான் வரும். உருளையின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்தும் அளவுக்குக் கயிற்றைக் குறைத்தால் பாதித் தொல்லை போய்விடும். கயிற்றைச் சும்மா சுற்றாமல், பத்து இருபது கிலோ பாரம் தொங்கவிட்டு இறுக்கமாகச் சுற்றுங்கள். தளர்வாகச் சுற்றிய கயிற்றின் மேல் பாரம் ஏறினால் மேல்சுற்று கீழ்ச்சுற்றுக்குள் வெட்டிக்கொண்டு இறங்கும். கொக்கி ஆகக் கீழே இருக்கும்போதும் உருளையில் நாலைந்து சுற்று மிச்சம் இருக்கவேண்டும், கயிற்றைப் பிடித்திருப்பது முனை ஆணியல்ல, அந்தச் சுற்றுகள்.

கயிற்றைக் கழிக்கும் அளவு இது: இழைகள் சேர்ந்து முறுகிய ஒரு புரி, கயிற்றை முழுதாக ஒருமுறை சுற்றிவரும் நீளத்துக்குள் ஆறு இழை அறுந்திருந்தாலோ, ஒரே புரியில் மூன்று இழை அறுந்திருந்தாலோ மாற்றுங்கள். கையால் தடவிப் பார்க்காதீர்கள், கையுறையையும் ஊசி போல் துளைக்கும். துணியால் சுற்றி இழுத்தால் அறுந்த இழை துணியில் மாட்டும். நம் கடற்கரைக் காற்றில் வெளியே நல்லதாகத் தெரியும் கயிறு உள்ளே சிவந்து கிடக்கும். வளைத்துப் புரியை விலக்கிப் பாருங்கள், செந்தூள் கொட்டினால் வேறு யோசனை வேண்டாம்.

கொக்கி முனையில் மடித்த கயிற்றைப் பிடிக்கும் கிளிப்புகள் குறைந்தது மூன்று இருக்கட்டும். வளைந்த கம்பி குட்டை முனையின் மேல், சேணம் போன்ற பக்கம் பாரம் தாங்கும் கயிற்றின் மேல். மூன்றும் ஒரே பக்கம். முதல் பாரம் ஏற்றி இறக்கியதும் மறுபடி இறுக்குங்கள், கயிறு ஒடுங்கியிருக்கும்.

நட்டு இரண்டு சுற்றோடு இறுகி நிற்கிறது

பலம் போடாதீர்கள். பழைய பிரித்தானியச் சாமானில் விற்வேர்த் என்ற திருகுப் புரி, அமெரிக்கச் சாமானில் வேறு புரி. அரை அங்குலப் போல்ட்டில் ஒன்றுக்கு அங்குலத்துக்கு 12 புரி, மற்றதற்கு 13. ஏறுவது போல் ஏறி இறுகிவிடும். சிறிய அளவுகள் சிலவற்றில் எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் புரியின் கோணம் 55க்கும் 60க்கும் வேறு, பூட்டியது போல் இருந்து பாரத்தில் வழுக்கும். போல்ட்டையும் நட்டையும் ஒரே இடத்தில் சோடியாக வாங்குங்கள்.

ஓடும்போது கடகடக்கிறது

நீளும் கையை மடக்கிப் பூட்டும் முள்ளின் துளை தேய்ந்திருக்கும். பெரிய முள் போடுங்கள். கொக்கியைப் பெட்டியின் வளையத்தில் மாட்டி இலேசாக இறுக்கிவிடுங்கள், சுற்றுப்பிடியைக் கழற்றி உள்ளே வையுங்கள்.

எதைத் திருத்தினாலும் அதன்பின் சோதனை

200 லீற்றர் வெறும் பரல் ஒன்றைக் கொக்கியில் மாட்டி, தரையைவிட்டு ஒரு சாண் மட்டும் தூக்குங்கள். வாளியால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வாருங்கள். ஒரு லீற்றர் ஒரு கிலோ, ஆகவே எவ்வளவு பாரம் என்பது எப்போதும் தெரியும். பரலின் எடை 20 கிலோ அளவில் இருக்கும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 50, 100, 150 என்று ஒவ்வொரு கட்டத்திலும் நிறுத்தி, கம்பத்தின் நுனியிலிருந்து நூல்குண்டு விட்டுப் பாருங்கள். உருளையின் விளிம்பிலும் சட்டத்திலும் சேர்த்து ஒரு சோக்குக் கோடு போட்டு, 150ல் பத்து நிமிடம் விட்டுவையுங்கள். சோக்குக் கோடு விலகினால் பிறேக் அல்லது நாக்கு. கோடு அப்படியே இருந்து பரல் மட்டும் தாழ்ந்தால் காலோ ஸ்பிறிங்கோ அமர்கிறது, அல்லது கிளிப் வழுக்குகிறது. நூல்குண்டு நகர்ந்து, பாரத்தை இறக்கியபின் பழைய இடத்துக்கு வந்தால் இரும்பு வளைந்து மீள்கிறது, பயமில்லை. திரும்பி வராவிட்டால் அடித்தகட்டுப் பக்கம் ஏதோ ஒன்று நிரந்தரமாக நெளிந்துவிட்டது. பரல் தண்ணீரை வெளியே கொட்டிவிட்டு, சனல் இரும்பிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.